வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் மின்தடையும் வாட்டும் கண்டுபிடிப்பது எப்படி: அளப்பது முதல் சரிபார்ப்பது வரை

கணக்கு இரண்டே வரி. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, ஓமில் வரும். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் பவர், வாட்டில் வரும். பத்தாம் வகுப்பிலேயே படிக்கிற பாடம்தான். இந்த வரியில் யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாறுவது அந்த வரியில் போடுகிற எண்களில். காலையில் மெயின் போர்டில் பார்த்த வோல்டேஜ், சாயங்காலம் தோட்டத்து மோட்டாரில் பார்த்த கரண்ட், இரண்டையும் பெருக்கி ஒரு வாட் கணக்கு எழுதிக் கொண்டுவருவார்கள். விடை வரும். ஆனால் அது எந்தப் பொருளுடைய விடையும் அல்ல. ஒரு பொருளின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்டேஜ், அதே பொருளில் அதே நேரத்தில் ஓடுகிற கரண்ட் என்ற ஜோடி கெடாமல் கையில் வந்துவிட்டால் மீதி கால்குலேட்டர் வேலைதான். வயர்மேன் வேலை பழகுகிற பிள்ளைகளையும், வீட்டு மோட்டாரைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களையும் மனதில் வைத்து இந்த வரிசையை எழுதுகிறேன்.

1. பொருள் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யவேண்டும். எந்தக் கணக்கு செல்லும், எது செல்லாது என்பது பொருளின் வகையைப் பொறுத்தது.

சூடு தருகிறவை ஒரு வகை: இஸ்திரிப் பெட்டி, வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு, கெட்டில், குண்டு பல்பு. இவற்றில் இரண்டு வரியும் அப்படியே செல்லும். பேட்டரியில் ஓடுகிற டிசி சர்க்யூட் இரண்டாவது வகை, இதிலும் செல்லும். மூன்றாவது வகை மோட்டார் உள்ளவை: பம்பு, கிரைண்டர், மிக்ஸி, ஃபேன். இவற்றில் வோல்டேஜையும் கரண்டையும் வெறுமனே பெருக்கினால் வாட் வராது. அது 8ஆம் பகுதியில் வருகிறது.

2. முன்கூட்டியே வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதன் மேல் ‘கேட் 3, 600 வோல்ட்’ (CAT III 600V) என்ற பாதுகாப்புக் குறி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த மீட்டர்கள் பேட்டரி வேலைக்குப் போதும், 230 வோல்ட் வேலைக்கு நம்பக்கூடாது. புரோப் வயரில் வெடிப்பு இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஒரு டாங் டெஸ்டர், அதாவது வயரை வெளியிலிருந்து வாயால் கவ்விக் கரண்டைக் காட்டுகிற மீட்டர். வீட்டு சப்ளையில் கரண்ட் எடுக்க இதுதான் சரியான கருவி. எந்த வயரையும் அறுக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம்.

அரை மீட்டர் நீளத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளி உறையை மட்டும் உரித்து, உள்ளே இருக்கிற மூன்று வயர்களும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்படி வையுங்கள். உள் இன்சுலேஷனில் கீறல்கூட விழக்கூடாது. இதைச் செய்துவைக்காதவர்கள் எல்லோரும் டாங் டெஸ்டரோடு வந்து, வயரை எங்கே பிடிப்பது என்று முழிப்பார்கள்.

காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் தானே துண்டிக்கிற சுவிட்ச்). மெயின் போர்டைத் திறக்கிற வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள். பிளக் பாயிண்டுக்கு இந்தப் பக்கம் நடக்கிற அளவுகளே நமக்குப் போதும்.

3. வோல்டேஜை, பொருள் ஓடும்போது, பொருளின் முனையிலேயே எடுங்கள்

மீட்டரை ஏசி வோல்ட் 600 அல்லது 750 ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு வயர் காம் (COM) ஓட்டையில், சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில். பொருளை ஓடவிட்டு, அது சொருகியிருக்கிற பிளக் பாயிண்டின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளவு பாருங்கள்.

ஓடும்போதுதான் பார்க்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சும்மா இருக்கும்போது 232 காட்டுகிற பாயிண்ட், ஹீட்டர் போட்டதும் 224க்கு இறங்கலாம். ஹீட்டருக்குக் கிடைக்கிறது 224தான். மீதி 8 வோல்ட் வரும் வழியில் கம்பியிலும் ஜாயிண்டுகளிலும் நிற்கிறது.

‘இந்தியாவில் 230 வோல்ட்’ என்று மனப்பாடமாக எழுதிவிடுவதும் இதே தவறுதான். திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி, ராதாபுரம் பக்கம் கண் முன்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, கடைசிக் கம்பத்தில் சர்வீஸ் எடுத்த வீட்டில் சாயங்கால நேரம் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். அந்த வீட்டுக் கணக்குக்கு அந்த வீட்டு எண்தான் வேண்டும்.

4. கரண்டை, ஒரே ஒரு வயரில் எடுங்கள்

டாங் டெஸ்டரின் வாய்க்குள் பேஸ் வயர் மட்டும் இருக்கவேண்டும், அல்லது நியூட்ரல் மட்டும். முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றின் காந்தப்புலத்தை ஒன்று அழித்துவிடுவதுதான் காரணம். “அண்ணாச்சி, மீட்டர் போச்சு போலிருக்கு” என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். உரித்துவைத்த எக்ஸ்டென்ஷன் இதற்காகத்தான்.

சின்னக் கரண்டுக்கு டாங் டெஸ்டர் தடுமாறும். அப்போது அந்த ஒற்றை வயரை வாய்க்குள் ஐந்து சுற்று சுற்றி, வருகிற எண்ணை ஐந்தால் வகுங்கள். 2.15 காட்டினால் உண்மையான கரண்ட் 0.43 ஆம்பியர்.

சாதாரண டாங் டெஸ்டர் ஏசிக்கு மட்டும். பேட்டரி சர்க்யூட்டில் கரண்ட் பார்க்க மல்டிமீட்டரை வரிசையில், அதாவது ஓடும் பாதையை ஓரிடத்தில் பிரித்து அந்த இடைவெளியில், சேர்க்கவேண்டும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. கரண்ட் ஓட்டையில் சிவப்பு வயர் இருக்கும்போது மீட்டரின் உள் மின்தடை ஏறத்தாழ ஒன்றுமே கிடையாது. வேலை முடிந்து சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றாமல், அடுத்ததாகப் பிளக் பாயிண்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட். மீட்டர் போனால் பரவாயில்லை, கையும் முகமும் பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் பார்த்து முடித்த கையோடு சிவப்பு வயரைப் பிடுங்குவதைப் பழக்கமாக்குங்கள். 230 வோல்ட் சப்ளையில் மல்டிமீட்டரை வரிசையில் வைத்து ஆம்பியர் பார்ப்பதைப் புதியவர்கள் செய்யவே வேண்டாம்.

5. அலகை மாற்றிவிட்டுக் கால்குலேட்டரைத் தொடுங்கள்

மில்லி ஆம்பியரை 1000ஆல் வகுத்து ஆம்பியர் ஆக்குங்கள். கிலோ ஓமை 1000ஆல் பெருக்கி ஓம் ஆக்குங்கள். கிலோவாட்டும் அப்படியே.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 12 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்இடி எரியவேண்டும். எல்இடி எடுத்துக்கொள்வது 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர். வரிசையில் என்ன ரெசிஸ்டர் போடுவது?

20ஐ அப்படியே போட்டு 9 ÷ 20 என்றால் 0.45 ஓம். அதைப் போட்டால் எல்இடி அந்த நொடியே போகும். 12 ÷ 0.02 என்று போட்டால் 600 ஓம். எல்இடி எரியும், ஆனால் மங்கும். இந்த இரண்டாவது தவறு அலகில் இல்லை, ஜோடி தவறு. 12 வோல்ட் பேட்டரியின் வோல்டேஜ். ரெசிஸ்டரின் முனைகளில் இருப்பது 12இல் எல்இடி எடுத்த 3 போக மீதி 9. ஆகவே 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் கிடைக்கிற அடுத்த அளவு 470. அதில் கரண்ட் 9 ÷ 470 = 0.019 ஆம்பியர், பவர் 9 × 0.019 = 0.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். நாள் முழுக்க எரிவதானால் அரை வாட் போடுங்கள், சூடு குறைவாக இருக்கும்.

6. மின்தடை: வகுங்கள், பிறகு ஓம் மீட்டரோடு ஒப்பிடுங்கள்

ஒரு ஹீட்டர் ராடு ஓடும்போது பாயிண்டில் 224 வோல்ட், டாங் டெஸ்டரில் 4.23 ஆம்பியர். 224 ÷ 4.23 = 52.95, 53 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகக் கரண்டை வோல்டேஜால் வகுக்கிறவர்கள் உண்டு, அப்போது 0.0189 என்று வரும். வீட்டில் சூடு தருகிற பொருள் எதற்கும் மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே வராது என்று நினைவில் வைத்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

இப்போது பிளக்கைப் பிடுங்கி, பிளக்கின் பேஸ், நியூட்ரல் முள் இரண்டுக்கும் நடுவே ஓம் ரேஞ்சில் பாருங்கள். சப்ளை இருக்கும்போது ஓம் ரேஞ்சில் தொட்டால் மீட்டர் கெடும், ஆளும் கெடலாம். ராடு, இஸ்திரிப் பெட்டி இவற்றில் அநேகமாக அதே எண், சற்றே குறைவாக வரும். இவற்றின் காயில் (சூடாகிற சுருள்) நிக்ரோம் என்ற உலோகக் கலவை. சூட்டில் அதன் மின்தடை கொஞ்சம்தான் மாறும்.

குண்டு பல்பில் இந்த ஒப்பீடு பொருந்தாது. கோழிக்குஞ்சுக் கூண்டில் போடுகிற 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது 0.435 ஆம்பியர் எடுக்கும். வகுத்தால் 529 ஓம். அணைத்து ஆறவைத்து ஓம் மீட்டரில் பார்த்தால் 40 ஓம் பக்கம்தான் காட்டும். இரண்டுமே சரி. டங்ஸ்டன் இழை எரியும்போது 2500 டிகிரியைத் தொடுவதால் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆறிய ஓமை வைத்து வாட் போட்டால் 1300 வாட் பல்பு என்று வரும். எரியும்போது எடுத்த வோல்டேஜும் கரண்டும்தான் எரியும்போதுள்ள மின்தடையைச் சொல்லும்.

7. பவர்: பெருக்குங்கள், லேபிளை நம்பாதீர்கள்

மேலே உள்ள ராடு: 224 × 4.23 = 948 வாட். அதன் மேல் 1000 வாட் என்று இருக்கும். ராடில் குறை இல்லை. அந்த 1000, 230 வோல்ட் கிடைத்தால் மட்டும்.

மாறாமல் இருப்பது வாட் அல்ல, மின்தடை. அதனால் கரண்ட் எடுக்க வழியில்லாதபோது இன்னொரு வரி உதவும்: வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, மின்தடையால் வகுத்தால் வாட். 1000 வாட் ராடின் மின்தடை 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். கடைசிக் கம்பத்து வீட்டில் 180 வோல்ட் இருக்கும்போது 180 × 180 ÷ 52.9 = 612 வாட். வோல்டேஜ் 22 சதவீதம் இறங்கினால் வாட் 39 சதவீதம் இறங்குகிறது. வோல்டேஜ் குறைந்ததும் கரண்டும் சேர்ந்து குறைவதால் இரட்டை அடி.

வீட்டில் இது எப்படித் தெரியும்? 15 லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுவர, வீணாகும் சூட்டைச் சேர்க்காமல், முழு 1000 வாட்டில் 18 நிமிடம். 612 வாட்டில் 29 நிமிடம். “ராடு பழசாயிருச்சு” என்று புதிது வாங்குவதற்கு முன்னால் பாயிண்டில் வோல்டேஜைப் பாருங்கள்.

மின்கட்டண யூனிட்டில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. வாட் குறைவு, நேரம் கூடுதல்; 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்.

8. மோட்டாருக்குத் தனிக் கணக்கு

ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் பம்பு 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுக்கிறது. பெருக்கினால் 1610. இதற்கு அலகு வோல்ட் ஆம்பியர், வாட் அல்ல. மோட்டாரில் கரண்ட் வோல்டேஜோடு ஒத்த நேரத்தில் ஏறி இறங்காமல் பின்தங்கி வரும். அதனால் பவர் பேக்டர் என்ற எண்ணாலும் பெருக்கவேண்டும். பெயர்ப் பலகையில் 0.8 என்று இருந்தால் 1610 × 0.8 = 1288 வாட்.

“ஒரு ஹெச்.பி. 746 வாட்தானே, பின்னே ஏன் 1288?” என்ற கேள்வி உடனே வரும். 746 என்பது தண்டு வெளியே தருகிற வேலை. 1288 என்பது சப்ளையிலிருந்து வாங்குவது. நடுவில் உள்ளது மோட்டாரின் சூடும் உராய்வும்.

மூன்று பேஸ் என்றால் 1.732 × லைன் வோல்டேஜ் (இரண்டு பேஸுக்கு நடுவே உள்ளது) × ஒரு லைனின் கரண்ட் × பவர் பேக்டர். 5 ஹெச்.பி. மோட்டார், 415 வோல்ட், 7.5 ஆம்பியர், 0.82 என்றால் 4420 வாட். 1.732க்குப் பதிலாக 3ஆல் பெருக்குவது வழக்கமான தவறு. 3ஆல் பெருக்கவேண்டுமானால் வோல்டேஜ் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எடுத்ததாக இருக்கவேண்டும். இங்கேயும் ஜோடிதான்.

மோட்டாரில் வோல்டேஜைக் கரண்டால் வகுத்து ‘வைண்டிங் மின்தடை’ என்று எழுதாதீர்கள். 230 ÷ 7 = 33 என்று வரும்; சப்ளையை எடுத்துவிட்டு ஓம் மீட்டரில் பார்த்தால் வைண்டிங் சில ஓம்தான் காட்டும். இதை வைத்து வைண்டிங் ஷார்ட் என்று முடிவுகட்டி, நல்ல மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: வோல்டேஜ் குறைந்தால் ராடு கரண்டைக் குறைக்கும், சுமையோடு ஓடுகிற மோட்டார் கூட்டும். லோ வோல்டேஜில் மோட்டார் எரிவது அதனால்தான்.

9. தோட்டத்துக்கு இழுத்த கம்பியின் மின்தடை

இந்தக் கணக்கை அதிகம் பேர் போடுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. களக்காடு பக்கத்து வாழைத்தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டு போர்டிலிருந்து கிணற்றுக்கு 100 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மோட்டார் உறுமுகிறது, கிளம்ப மறுக்கிறது.

கம்பியின் மின்தடையை எடுக்க மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்; பவர் பேக்டர் குறுக்கே வந்து, இரண்டு முனை வோல்டேஜையும் கழிப்பது சரியாக வராது. கிணற்று முனையில் ஒரு வாளித் தண்ணீரில் 1000 வாட் ராடைப் போடுங்கள். ராடு ஓடும்போது போர்டு முனையில் 226 வோல்ட், கிணற்று முனையில் 218 வோல்ட், கரண்ட் 4.12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

கம்பியின் வோல்டேஜ் 226உம் அல்ல, 218உம் அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 8. ஆக 8 ÷ 4.12 = 1.94 ஓம்.

இப்போது இருக்கவேண்டிய அளவு. அந்தக் கம்பி கிலோமீட்டருக்கு 7.4 ஓம், 20 டிகிரியில். போக 100, வர 100, மொத்தம் 200 மீட்டர்; 1.48 ஓம். திரும்பி வருகிற கம்பியை விட்டுவிட்டு 0.74 என்று எழுதுவது இந்த இடத்துக்கே உரிய தவறு. நம் ஊர் வெயிலில் கம்பி 40 டிகிரிக்கு ஏறும். செம்பின் மின்தடை அதற்கு 8 சதவீதம் கூடி 1.6 ஆகும். அளந்தது 1.94. மிச்சம் 0.34 ஓம் ஏதோ ஒரு ஜாயிண்டிலோ சுவிட்ச் முனையிலோ உட்கார்ந்திருக்கிறது.

0.34 அற்பமாகத் தெரியும். மோட்டாரின் 7 ஆம்பியர் அதில் ஓடும்போது 7 × 7 × 0.34, ஏறத்தாழ 17 வாட், விரல் நுனி அளவு இடத்தில். டேப் கருகுகிற சூடு அது. முழுக் கம்பியில் வீணாவது 7 × 7 × 1.94 = 95 வாட். கிளம்பும்போது மோட்டார் ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கப் பார்க்கும். 35 × 1.94 என்றால் அதிகபட்சம் 68 வோல்ட் வரை கம்பியே தின்றுவிடும். மோட்டார் உறுமுவதற்குக் காரணம், அதைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டராக இருக்கவேண்டியதில்லை.

இந்த அளவில் ஒரு எச்சரிக்கை. 8 வோல்ட் வித்தியாசத்தில் ஒரு வோல்ட் பிசகினால் விடை 12 சதவீதம் பிசகும். இரண்டு மீட்டர் வைத்திருந்தால், முதலில் இரண்டையும் ஒரே பாயிண்டில் வைத்து ஒரே எண் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் ஆள் நின்று, போனில் சொல்லி, ஒரே நொடியில் படியுங்கள். மூன்று தடவை எடுத்து, ஒத்துவந்தால் மட்டும் எழுதுங்கள். பிறகு சப்ளையை அணைத்து, ஒவ்வொரு ஜாயிண்டாகப் பிரித்து முறுக்குங்கள்.

10. யூனிட் மீட்டரை வைத்துச் சரிபாருங்கள்

எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டர் முகத்திலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த ஒரு பொருளை மட்டும் ஓட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணுங்கள். அதை 18.75ஆல் பெருக்கினால் வாட். (60,000ஐ 3200ஆல் வகுத்த எண் அது. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதனால் வகுங்கள்.) மீட்டர் இல்லாத விவசாய சர்வீஸில் இதைச் செய்ய முடியாது.

ராடு, இஸ்திரிப் பெட்டியில் இந்த வாட்டும் நீங்கள் பெருக்கி எடுத்த வாட்டும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகவேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே அணைந்துவிடும் என்பதால், அது எரிகிற நேரத்தில் மட்டும் எண்ணுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மோட்டாரில் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததுதான் நமக்கு வேண்டியதும். பெயர்ப் பலகை அழிந்துபோன பம்பு 225 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுக்கிறது. பெருக்கினால் 1575 வோல்ட் ஆம்பியர். விளக்கு நிமிடத்துக்கு 68 தடவை மின்னுகிறது. 68 × 18.75 = 1275 வாட். 1275 ÷ 1575 = 0.81. அதுதான் அந்த மோட்டாரின் பவர் பேக்டர். மோட்டார் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதி வைத்துவிடுங்கள்.